ஒஸ்லோ நூலகத்தில் வெட்டப்படாத பக்கங்கள்

போன நவம்பரில் ஒஸ்லோவின் பழைய நூலகம் ஒன்றுக்கு நான் போகக் காரணம் பிலோமினா அக்கா. நாங்கள் சில பேர் சேர்ந்து இங்கே ஒரு தமிழ்ச் சிற்றிதழ் நடத்துகிறோம். பக்கம் வடிவமைப்பது என் வேலை. யாழ்ப்பாணத்துக்காரரான அக்கா, நோர்வே வரும் முன் வளைகுடாவில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய், கடவுச்சீட்டைப் பறிகொடுத்து அடிமையாகவே கிடந்தவர். அதை எங்கள் இதழுக்கு எழுதித் தந்திருந்தார். அச்சுக்குப் போகும் வாரத்தில் திருப்பிக் கேட்டார்.

"கவிதை வாசிக்கிற சனம் இதை வாசிக்காது தம்பி. எடுத்துவிடுங்கோ."

எனக்குப் பொறுக்கவில்லை. அடிமை முறையை எதிர்த்து எழுதியவர்களுக்கு அந்தக் காலத்தில் இலக்கிய இதழ்களும் இடம் கொடுத்தன, சனங்கள் வாசித்துத்தான் மனம் மாறினார்கள் என்று பெரிதாகப் பேசினேன். வாங்க அக்கா, கண்ணாலேயே பாருங்க என்று அழைத்தேன்.

நான் இருக்கும் லில்லெஸ்ட்ரோமிலிருந்து எனக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். இரண்டு கட்டண மண்டலங்களுக்கும் சேர்த்துப் பயணச்சீட்டு எடுக்க வேண்டும். மறந்தால் அபராதம் போட்டுவிடுவார்கள். அக்கா எல்லிங்ஸ்ருட்டிலிருந்து சுரங்க ரயிலில் வந்தார். நான்கு மணிக்கே நல்ல இருட்டு. வாசிப்பறையில் எங்கள் இருவரையும் நூலகரையும் தவிர யாருமில்லை.

நூலகர் பத்தொன்பதாம் நூற்றாண்டு இதழ்த் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்து, பழைய புத்தகங்களைத் தாங்கும் சிறு மெத்தை மேல் வைத்தார். அப்போதெல்லாம் தாள்கள் மடித்தபடியே வருமாம். வாங்கியவர்தான் கத்தியால் ஓரத்தை வெட்டி வாசிக்க வேண்டும். இந்தத் தொகுப்பில் கவிதைகளை வெட்டியிருந்தார்கள், தொடர்கதையை வெட்டியிருந்தார்கள், தையல் குறிப்பைக்கூட வெட்டியிருந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் அடிமையாக இருந்த பெண் சொன்னது என்று பொருளடக்கத்தில் போட்டிருந்த பக்கங்கள் மட்டும் மடிப்போடு மூடியே கிடந்தன.

"ஒருத்தரும் வாசிக்கேல்லை," என்றார் அக்கா. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

வெட்டித் தர முடியுமா என்று கேட்டேன். வந்தபடியேதான் பாதுகாக்க வேண்டும், மெல்ல விலக்கி உள்ளே பார்க்கலாம் என்றார் நூலகர். அக்கா இரண்டு விரலால் மடிப்பை விலக்கிக் குனிந்தார். நிமிரவே இல்லை.

"உள்ளுக்கை ஒராள் இருக்கிறா," என்றார்.

நானும் பார்த்தேன். மடிப்பின் இருட்டுக்குள் பாதி முகம், ஒரு கண். அச்சிட்ட படம்தான், தெரியும். ஆனால் நான் தலையை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அது என்னையே பார்த்தது. சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அந்தத் தாள்கள் மட்டும் மெல்ல எழும்பி எழும்பித் தாழ்ந்தன. வெப்பமூட்டியின் காற்றாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்துவிட்டேன்.

அக்கா பயப்படவில்லை. மடிப்புக்குள்ளே பார்த்துத் தாழ்ந்த குரலில், "கண்டிட்டன் அம்மா, கண்டிட்டன்," என்றார்.

வெளியே டிராமுக்கு நிற்கும்போது கேட்டார்: "எங்கட இதழைக் கையில எடுத்தா எந்தப் பக்கம் தானாத் திறக்கும்?"

"நடுப்பக்கம் அக்கா. ஸ்டேப்ளர் பின் அடிக்கிற இடம்."

"அப்ப என்ர கதையை அங்கை போடுங்கோ. பேரையும் போடுங்கோ."

போகிறவர்களுக்கு: தொகுப்பை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கட்டணம் இல்லை. பேனா கூடாது, பென்சில் மட்டும். தனியாகப் போகாதீர்கள், முடிந்தால் கோடையில் போங்கள்.

இதழ் அச்சாகி வந்துவிட்டது. ஒரு பிரதி என் மேசையில் இருக்கிறது. மூடி வைத்துவிட்டுக் காபி போட்டு வந்தால் நடுப்பக்கம் திறந்து கிடக்கும். புதுத் தாளின் விறைப்பு, வேறொன்றுமில்லை. ஆனாலும் இப்போதெல்லாம் நான் அதை மூடுவதில்லை.