மஞ்சள் துணியில் பட்டாளத்து ரூபாய்

நயா பைசா வந்த வருஷம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு வாழைப்பழக் கடை இருந்தது. ஓரணாவுக்கு ஆறு பைசாவா, ஏழு பைசாவா என்று வாங்க வருகிறவர்களோடு தினமும் வழக்குத்தான். பொன்மலையிலிருந்து சனிக்கிழமைதோறும் பழம் வாங்க வரும் ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர் ஒருவர், ரயில்வேயில் கார்டாக இருந்து ரிடையரானவர், அதைப் பார்த்துச் சிரித்தார்.

“பைசாவுக்கா மேன் சண்டை? எங்க பாட்டனுக்குப் பாட்டன் ஒரு ஷில்லிங்குக்குத் தன்னையே வித்துட்டான்.”

சீமையில் அந்தக் காலத்தில் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறவன் சாராயக் கடையில் உட்கார்ந்திருப்பானாம். ராஜா தலை போட்ட ஷில்லிங்கைக் கையில் வாங்கியவன் சிப்பாய். வாங்காதவனுடைய கோப்பைக்குள் அவனுக்குத் தெரியாமல் போட்டுவிடுவதும் உண்டாம். அதற்குப் பயந்து, காசு கிடந்தால் தெரியும்படி அடியில் கண்ணாடி பதித்த கோப்பையில் குடித்தார்களாம்.

“பயமாயிருக்குன்னா ரெண்டு மூணு நாளைக்குள்ள அபராதம் கட்டித் திரும்பிடலாம். எங்க ஆளுகிட்ட ஏது பணம்? கப்பல் ஏறிட்டான்.”

ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது இதை வேடிக்கையாகச் சொன்னேன். பரிமாறிக்கொண்டிருந்த அண்ணி கரண்டியை அப்படியே வைத்துவிட்டார்கள்.

“திரும்பிடலாம்னா சொன்னாரு?”

யார் எதிரில் என்ன பேசுகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

என் அண்ணன் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குப் போனவர். ஆள் சேர்க்க வந்த ஏஜெண்டு, மறுநாள் டாக்டரிடம் வரச் சொல்லி, கையில் ஒரு வெள்ளி ரூபாய் கொடுத்தான். அண்ணன் அதைக் கொண்டுவந்து அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி அந்த நிமிஷமே மஞ்சள் துணியில் முடிந்து, “ரங்கநாதா, உசிரோட திரும்பி வந்தா இதை உன் உண்டியல்ல போடறேன்” என்று வேண்டிக்கொண்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அண்ணனுக்கு மனசு மாறிவிட்டது. ரூபாயைக் கொடு, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கேட்டார். பெருமாளுக்கு முடிந்ததை அவிழ்க்கக் கூடாது, வேறு ரூபாய் தருகிறேன் என்றார்கள் அண்ணி. வாங்கின காசையே கேட்பான் என்று அண்ணன் நினைத்தார். பெருமாள் காசில் கை வைக்க அவருக்கும் துணிச்சல் இல்லை. போனார். சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்தபோது காணாமல் போனார். செத்தார் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அண்ணி குங்குமம் இட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அந்த முடிச்சு பெருமாள் படத்தடியில் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், அண்ணி என்னோடு கடைக்கு வந்தார்கள். கார்டு பழத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது நேராகக் கேட்டார்கள்.

“ஐயா, நம்ம ஊர்லயும் ரூபாயைத் திருப்பிக் கொடுத்திருந்தா விட்டிருப்பாங்களா?”

யாரைப் பற்றிய பேச்சு என்று அவருக்குத் தெரியாது. “இங்க ஏதும்மா அந்தச் சட்டம்? சீமையிலேயே எப்பவோ எடுத்துட்டான். ஏஜெண்டு கொடுக்கறது காபிச் செலவுக்கு. டாக்டர் பாத்து, கையெழுத்து வாங்கினாத்தான் சிப்பாய். மறுநாள் போகாம வீட்ல படுத்துத் தூங்கியிருந்தா ஒருத்தன் தேடி வரமாட்டான்!”

நான் கண்ணைக் காட்டினேன். அதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

“காசைக்கூடத் திருப்ப வேண்டாமா?”

“வேண்டாம்மா.”

அண்ணி இடுப்பிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தது எனக்குத் தெரியாது. முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தார்கள். கறுத்துப்போன ரூபாயை அவர் முன்னால் நீட்டினார்கள்.

“இந்தாங்க. இதை வாங்கிக்கிட்டு அவரை விடச் சொல்லுங்க.”

அவருக்குப் புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “நான் ரயில்வேக்காரன்மா,” என்றார். “நான் வெறும் ரயில்வேக்காரன்.”

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை பூவன் சீப்பு என்ன விலை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அண்ணியின் விரல்களை மடக்கி, பஸ்ஸில் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

காவிரிப் பாலத்தின் மேல் போகும்போது ஒன்றுதான் சொன்னார்கள். “அவர் கேட்டப்ப நான் பெருமாளைச் சொன்னேன் தம்பி. பெருமாள் எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே.”

தினமும் அரங்கனைச் சேவிக்காமல் நான் கடை திறந்ததில்லை. இன்றைக்கும் அவன் திருவடியில் அண்ணியின் அந்தச் சொல்லைத்தான் வைக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் அண்ணி குளித்துவிட்டு வந்தார்கள். நெற்றி வெறுமையாக இருந்தது. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். அண்ணி அடுப்பில் கஞ்சியைக் கிளறினார்கள்.

“உக்காருங்க தம்பி, கடைக்கு நேரமாச்சு,” என்றார்கள்.