சோலைமலையை ரயிலுக்கு விடாத கதை

என் தம்பி சோலைமலை ரயில்வேயில் சேர்ந்திருக்க வேண்டியவன். நான்தான் விடவில்லை. அதற்காக ஏழு மாதம் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. யார் என்ன சொன்னாலும் சரி, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் பத்தாம் நம்பர் லயத்தில் பிறந்தவன் அவன். அப்பா செத்தபோது அவனுக்கு எட்டு வயது. பன்னிரண்டு வயதில் ஸ்டோருக்குப் போனான். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலை ஆலையை. எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்தப் பட்டை தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். உயரம் என்றால் அவனுக்குப் பயமே கிடையாது. புகைக்குழாயில் குருவி கூடு கட்டினால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் நாக்கு அடங்காது. முப்பத்தெட்டாம் வருஷம் மழைக்காலத்தில், பெரிய பட்டை அறுந்துவிடும் என்று, ஸ்டோரை நடத்தும் டீமேக்கரிடம் எல்லார் முன்னாலும் சொன்னான். டீமேக்கர் அவனை வாயை மூடச் சொன்னார். மறுநாளே பட்டை அறுந்தது. அறுந்ததைக்கூட அவர் மன்னித்திருப்பார். இவன் முன்னாலேயே சொன்னதை மன்னிக்கவில்லை. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் அம்மா அம்மாக்கண்ணுக்கு அப்போதே கண் மங்கிவிட்டது. தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் அவள் பெயர் இல்லை. தம்பி பெயரில்தான் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை, அந்தக் காம்பரா. அவன் பெயரை அடித்தால் காம்பராவும் போய்விடும். ஆகவே அவன் தேட வேண்டியது வேலை மட்டுமல்ல, அம்மா தலைக்கு மேலே ஒரு கூரையும். நான் வாழ்க்கைப்பட்டது கீழ் லயத்தில். எங்கள் காம்பராவில் ஏற்கெனவே ஆறு பேர்.

நோட்டீஸ் வந்த வாரத்திலேயே இரண்டு வேலைகள் அவனைத் தேடி வந்தன. வேலை போனவனை வேலை தேடி வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

முதலில் வந்தவன் மாயாண்டி. என் வீட்டுக்காரருக்குப் பங்காளி. கொட்டகலைப் பக்கம் தண்டவாளம் பார்க்கும் கூட்டத்தில் மூன்று வருஷமாக வேலை செய்தான்.

"கவர்மெண்டு வேலைடா சோலை. தண்டவாளத்துப் பக்கத்துலயே தகரம் போட்ட காம்பரா. அம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்துரலாம். எந்த டீமேக்கரும் உன்னை ஒண்ணும் சொல்ல முடியாது" என்றான்.

சோலைமலைக்கு முகமெல்லாம் பல். சின்ன வயதிலிருந்தே அட்டன் ஸ்டேஷனுக்குப் போனால் எஞ்சினை விட்டு நகர மாட்டான். எனக்கும் மாயாண்டி சொன்னது பிடித்திருந்தது. அதை மறைக்கவில்லை.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை நாகலிங்கம் வந்தார். அட்டன் கடைவீதிக்கும் பக்கத்துத் தோட்டத்து பங்களாக்களுக்கும் விளக்குப் போடும் கரண்டு கம்பெனியில் சாமான் அறையைப் பார்ப்பவர். கோட்டுப் போட்ட ஆள், எங்கள் லயத்து வாசலில் பிஸ்கட் டின்னோடு நின்றார். கம்பத்தில் ஏறும்போது இடுப்பில் கட்டும் தோல் வாரையும் தோளில் போட்டிருந்தார்.

"தங்கச்சி, ஒங்க தம்பி புகைக்குழாயில ஏறுறதைப் பத்திக் கேள்விப்பட்டேன். ரயில்வேயை விடக் கூடச் சம்பளம். இந்த வாரைப் பாருங்க, சீமைத் தோலு" என்றார்.

நான் வாங்கிப் பார்த்தேன். தோல் ஒரு பக்கம் வளைந்து, யாரோ ஒருவருடைய இடுப்பின் அளவுக்குப் படிந்து போயிருந்தது. ஓரத்தில் தையல் மட்டும் புதுசு.

"இது யார் கட்டுன வாருங்க?"

"கம்பெனி வாரும்மா."

"கம்பெனிக்கு இடுப்பு இருக்கா?"

அவர் சிரித்துக்கொண்டே பிஸ்கட் டின்னை என் பக்கம் தள்ளினார். நான் தொடவில்லை. பிள்ளைகளையும் தொட விடவில்லை. தங்க இடம் தருவீர்களா என்று கேட்டேன். இடம் இல்லை, கடைவீதியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார். அப்படியானால் பேச்சே இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை தம்பியோடு நானும் பஸ் ஏறி அட்டன் ஸ்டேஷனுக்குப் போனேன். "நீ எதுக்குக்கா? பொண்ணு பார்க்கவா போறோம்?" என்றான். பேசாமல் வா என்றேன்.

ஆள் எடுக்கும் அறையில் ஒரு சிங்கள கிளாக்கர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷன். என்னை நிற்கவிடாமல் பெஞ்சியில் உட்காரச் சொன்னார். தம்பியின் பற்றுச்சீட்டை வாங்கினார். தோட்டத்தை விட்டுப் போகிறவனுக்குத் தோட்டத்து ஆபீசில் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது.

"பிறந்தது எங்கே?" என்று கேட்டார்.

"துறையூருங்க" என்றான் தம்பி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

இந்தியாவில் இருக்கும் துறையூரை அவன் பார்த்ததே இல்லை. கடலையும் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் கங்காணி கொண்டுவந்த நாற்பது குடும்பமும் துறையூர்ப் பக்கத்து ஆட்கள். கோயில் வரியானாலும் கல்யாணப் பேச்சானாலும், லயத்தில் பிறந்த பிள்ளையும் அதைத்தான் சொல்லும். பெயர் பதிகிறபோது கங்காணி எல்லாரையும் அப்படியே சொல்லிவிடுவார். பற்றுச்சீட்டிலும் அதுவே ஏறியிருந்தது. என்னைக் கேட்டிருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கிளாக்கர் எழுதி முடித்துத் தாளை மேசையின் இடது பக்கம் வைத்தார். அடுத்து கினிகத்தனையிலிருந்து வந்த ஒரு சிங்களப் பையன். அவனுடைய தாள் வலது பக்கம் போனது. அதற்கடுத்து பொகவந்தலாவையிலிருந்து எங்களைப் போல ஒருவன். அவன் தாள் இடது பக்கம். எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாத்தயா, எங்க தாளை ஏன் அந்தப் பக்கம் வைக்கிறீங்க?"

"அது இந்தியா ஆள் தாள்."

"இவன் இந்தியாவுல பொறக்கலீங்க. இவன் பொறந்தப்ப நான்தான் வெந்நி வச்சேன். நோர்வூட்டுக்கு மேல, பத்தாம் நம்பர் லயம்."

"அப்ப ஏன் துறையூர்னு சொன்னது?"

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவோம்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சீட்டிலயும் அப்பிடித்தான் இருக்கு. நான் சீட்டைத்தான் பார்க்கணும் அம்மா."

"பிரிச்சு வச்சு என்ன செய்வாங்க?"

"எனக்குத் தெரியாது. அவனுக்கு வேலை இருக்கு. திங்கட்கிழமை வரச் சொல்லு."

தம்பி துள்ளிக்கொண்டு வெளியே வந்தான். படியிறங்கும்போதே நான் சொல்லிவிட்டேன். "திங்கட்கிழமை நீ போகலை."

"பைத்தியமா ஒனக்கு? வேலை தாரேங்கிறான், காம்பரா தாரேங்கிறான். எழுத்தும் தெரியாது, ஒரு எழவும் தெரியாது, தாளை அங்க வச்சான் இங்க வச்சான்னு."

"எழுத்துத் தெரியாதுடா. கொழுந்து நிறுக்கிற எடத்துல நிக்கத் தெரியும். நிறுக்கிற கண்டாக்கு ஒருத்தியோட கூடையை மட்டும் எடுத்துத் தனியா வச்சா, அவளுக்குப் பவுன் குடுக்கவா வைக்கிறாரு? அன்னிக்கி அவளுக்கு அரைப்பேருதான், பாதிச் சம்பளம்."

"இது ரயில்வே. கொழுந்து மடுவம் இல்ல."

"தனியா வைக்கிறது எங்கயும் தனியா வைக்கிறதுதான்."

அவன் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். பஸ்ஸிலும் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் நான் தோட்டத்து ஆபீசுக்குப் போய், சீட்டில் ஊரை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். அங்கிருந்த பெரிய கிளாக்கர் சிரித்தார். ஒருத்தனுக்கு மாற்றினால் நாற்பது குடும்பத்துக்கும் மாற்ற வேண்டும், தோட்டத்துத் துரையிடம் யார் பதில் சொல்வது என்றார். மாயாண்டியைக் கேட்டேன். போன மாதம் அவர்களிடமும் வந்து பிறந்த ஊரை எழுதிக்கொண்டு போனார்களாம். "சும்மா கணக்குக்கு மதினி. ஒங்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்" என்றான். எதற்கென்று தெரியாமலே சும்மா என்று சொல்கிறவனை நான் எப்படி நம்புவது?

வியாழக்கிழமை தனியாக அட்டன் கடைவீதிக்குப் போய் நாகலிங்கத்தின் சாமான் அறை வாசலில் நின்றேன்.

"எங்க பொறந்தான்னு கேப்பீங்களா?"

"கம்பத்துல ஏறுவானான்னுதாம்மா கேப்போம்."

"அந்த வாரைக் கட்டுனவன் எங்க?"

அவர் முகம் விழுந்துவிட்டது. என்னை உள்ளே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். முன்னால் இருந்தவன் மழையில் ஏறியபோது, கீழே யாரோ தெரியாமல் கரண்டைத் திறந்துவிட்டார்களாம். அடித்துத் தூக்கிப் போட்டதில் வார் அறுந்து விழுந்திருக்கிறான். உயிர் இருக்கிறது. இடுப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு கடைவீதியில் ஒருவனும் வேலைக்கு வரவில்லை. அதனால்தான் பிஸ்கட் டின்.

அந்த இடத்தில் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் ஒன்று சொல்கிறேன், அன்றைக்குத்தான் அந்த ஆள் மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. என்ன ஆபத்து என்று சொல்லிவிட்டார். ஸ்டேஷனில் இருந்த ஆபத்து என்னவென்று சொல்ல ஆளே இல்லை.

"கரண்டை நிறுத்துற பெட்டிக்குச் சாவி உண்டா?"

"உண்டு. எங்கிட்டத்தான் இருக்கும். கம்பெனிச் சட்டம்."

"மேல இருக்கிறவன் மடியிலதான் அந்தச் சாவி இருக்கணும்."

"அது முடியாதும்மா."

"அப்ப நீங்களே ஏறுங்க."

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு கம்பெனித் துரையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். சனிக்கிழமை ஆள் அனுப்பினார். சாவிக்குச் சம்மதம், வாரும் புதுசு.

தம்பி சம்மதிக்கவில்லை. அம்மாதான் கடைசியில் சொன்னாள். "அக்கா சொல்றதைக் கேளு. எனக்காகக் காம்பராவைப் பார்க்காத. நான் அவ வீட்டு மூலையில கெடந்துக்கிறேன்." அவன் கோபத்தோடுதான் கம்பெனியில் சேர்ந்தான். கடைவீதியில் நாலு பேரோடு ஒரு மூலையில் படுத்துக்கொண்டான். அம்மா எங்களிடம் வந்தாள். ஆறு பேர் ஏழு பேரானோம். என் வீட்டுக்காரர் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுக்கொண்டு, "இன்னும் யாராவது வர்றாங்களா, சொல்லிரு" என்றார்.

ஞாயிறுதோறும் தம்பி அம்மாவைப் பார்க்க வருவான். நான் மூன்றடி தூரத்தில் நிற்பேன். "அம்மா, அக்காகிட்டத் தேத்தண்ணி கேளு" என்பான். அம்மா என்னிடம் திரும்பி, "தேத்தண்ணி வேணுமாம்" என்பாள். இப்படியே ஏழு மாதம். ஒவ்வொரு தடவையும், கரண்டு சுட்ட தழும்பு இருக்கிறதா என்று அவன் உள்ளங்கையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கம்பெனியை முழுதாக நம்பிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அடுத்த வருஷம் அரசாங்க வேலைகளிலிருந்து தினச் சம்பளத்து இந்திய ஆட்களை நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. பேச்சாகவே போய்விடும் என்றார்கள். பிந்திச் சேர்ந்தவர்களை முதலில் நிறுத்தினார்கள். மாயாண்டி பெண்சாதியோடும் ஒரு தகரப் பெட்டியோடும் எங்கள் லயத்துக்கு வந்து நின்றான். அவனும் இங்கே லயத்தில் பிறந்தவன்தான்.

"ஊருக்குப் போகச் சொல்றாங்க மதினி."

"எந்த ஊருக்கு?"

அவன் பெட்டியைத் தரையில் இறக்கி வைத்தான். நான் சொன்னேனே என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, சோற்றைப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். மாயாண்டியைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். சாப்பிட உட்கார்ந்து, அம்மாவைக் கேட்காமல் என்னைப் பார்த்துச் சொன்னான்.

"கொழம்புல உப்பு கம்மியா இருக்குக்கா."

உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எடுத்துப் போட்டேன்.

பிறகு மாயாண்டியை வெளியே கூட்டிக்கொண்டு போய், கம்பத்துக்குக் குழி வெட்ட ஆள் தேடுகிறார்கள், நாளைக்கே வாண்ணே என்றான். இரண்டு மாதம் கழித்து கடைவீதிக்குப் பின்னால் ஒரு அறையும் பிடித்தான். அம்மாவைக் கூட்டிப் போக வந்தபோது, நான் பார்க்காமல் அனுப்ப மாட்டேன் என்று சொல்லி, கூடவே போனேன்.

நல்ல அறைதான். கூரைத் தகரம் மட்டும் பழசு. வீட்டுச் சொந்தக்காரன் ஒழுகாது என்று சத்தியம் செய்தான். அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. தம்பியைக் கூரைமேல் ஏறச் சொல்லி, நான் வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பிறகு உள்ளே போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றேன்.

"போதுமாக்கா?" என்றான் மேலேயிருந்து.

அம்மாவுக்கு நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. "எதுவோ விழுந்துச்சே" என்றாள்.

"அந்த எடத்தை அடையாளம் வச்சுக்க. அடைச்சிட்டு இன்னொரு வாளி ஊத்து. அதுக்கப்புறம் அம்மாவோட சாமான இறக்கலாம்" என்றேன்.