ஆஸ்பத்திரி மியூசியத்தில் ஒரு பிட்டுப் பெட்டி

இந்த வாரம் வெள்ளைக்காரரைத் திட்டி எழுதுவதாக இருந்தேன். தலைப்புக்கூட யோசித்து வைத்தாயிற்று. வாராவாரம் வாசிக்கிற நீங்களும் ‘சபாஷ்’ என்று சொல்லியிருப்பீர்கள். ஆனால் பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை…

போன வெள்ளிக்கிழமை மனைவியோடு காங்கேசன்துறைக்குப் போயிருந்தேன். யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்து ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடத்தை இப்போது ஞாபகார்த்த மியூசியமாக்கித் திறந்துவிட்டிருக்கிறார்கள். டிக்கட் இல்லை. சும்மா காட்டினால் யாழ்ப்பாணத்தான் பார்க்காமல் விடுவானா?

உள்ளே இரும்புக் கட்டில்கள் அப்படியே கிடக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் கத்தி, கத்தரிக்கோல், கறை போகாத ஸ்ட்ரெச்சர் துணி. மருந்து நெடி இன்னும் போகவில்லை. சுவரில் ஒரு பெரிய பலகை. அங்கே உயிர்விட்ட பட்டாளத்தாரின் பெயர்கள் – பட்டம், பதவி சகிதம் – வெள்ளை எழுத்தில். கீழே, இடம் மிஞ்சிய மூலையில், ஒரே ஒரு வரி: ‘உள்ளூர்க் கூலியாட்கள் சிலர்.’

சிலர்! எனக்கு ரத்தம் கொதித்தது.

“பாத்தீரே, செத்த பிறகும் எங்கடை ஆக்களுக்கு ஒரு பேர் குடுக்க மனமில்லை” என்று மனைவியிடம் பிரசங்கம் தொடங்கினேன்.

“மெல்லக் கதையுங்கோ” என்றாள் அவள்.

கடைசிக் கட்டிலருகே ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் ஓலைப்பெட்டி. என் பிரசங்கத்தைக் கேட்டிருக்க வேண்டும், எங்களிடம் வந்தார்.

“ஐயா, என்ரை மூத்தவன் உந்தக் கட்டிலிலைதான் செத்தவன். பிளேன் இறங்கிற இடத்துக்குக் கல்லுடைக்கப் போனவன். வெடி வைக்கேக்கை கல்லுப் பறந்து நெஞ்சிலை அடிச்சிட்டுது.”

பெட்டியைத் திறந்தார். தேங்காய்ப்பூப் போட்ட பிட்டு.

“கிடக்கேக்கை பிட்டுக் கேட்டவனாம். அவிச்சுக்கொண்டு ஓடி வந்தன். பட்டாளத்தான் உள்ளை விடேல்லை. அப்பிடியே திருப்பிக் கொண்டுபோனன். இண்டைக்கு அவன்ரை திவசம். இப்ப ஆரையும் உள்ளை விடுகினம் எண்டு கேள்விப்பட்டு வந்தன்.”

கட்டிலடியில் படைத்தாயிற்று. இனி ஒரு காரியம்தான் பாக்கி.

“படைச்சதை ஆரெண்டாலும் வாயிலை வைச்சால்தானே ஐயா அவனுக்குப் போய்ச் சேரும்? ஒரு பிடி எடுங்கோ.”

எடுத்திருக்கலாம். பிட்டும் நல்ல மணமாக இருந்தது. ஆனால் கை நீளுவதற்கு முன் வாய் முந்திக்கொண்டது.

“நீங்கள் எந்த ஊர்?”

“பண்டத்தரிப்பு, ஐயா.”

“பண்டத்தரிப்பிலை எந்தப் பக்கம்?”

சொன்னார். அதுவும் எனக்குப் போதவில்லை.

“வளவுக்குள்ளை கிணறு இருக்கோ?”

“எங்களுக்கு ஏது ஐயா கிணறு? ஆரும் வந்து அள்ளி ஊத்துமட்டும் பாத்துக்கொண்டு நிப்பம்.”

சுற்றிவளைத்து எதைக் கேட்கிறோம் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். சாதி என்ற சொல்லை மட்டும் வாயால் சொல்லமாட்டோம் – நாங்கள் படித்தவர்கள் அல்லவா?

“நாங்கள் இண்டைக்கு விரதம். நீ அதை அங்காலை வை” என்றேன்.

‘நீங்கள்’ எப்போது ‘நீ’ ஆயிற்று? எனக்கே தெரியாது. மனைவியும் விரதம்தான் என்று தலையாட்டினாள். காலையில் இருவரும் வயிறுமுட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினோம்.

அவர் ஏசியிருந்தால், குத்தலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அவர் நம்பிவிட்டார். அல்லது நம்பியதுபோல் என்னை விட்டுவிட்டார்.

“விரதகாரர் எண்டால் நல்லது ஐயா. கோயிலுக்குப் போவியள்தானே? எங்களை உள்ளை விடமாட்டினம். என்ரை பிள்ளைக்கு ஒரு நெய்விளக்கு ஏத்திவிடுங்கோ.”

“ஓம், ஓம்” என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். திரும்பிப் பார்த்தேன். பெட்டியை ஏந்தியபடி, அடுத்து யார் வருகிறார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ் சுன்னாகம் தாண்டியது. மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“இஞ்சாருங்கோ… மனுசி ஒரு பிடிதானே கேட்டது.”

“நீரும்தானே தலையாட்டினீர்?”

“ஓம். அதைத்தான் சொல்லுறன்.”

வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. வெள்ளைக்காரனைத் திட்டுவது எவ்வளவு சுகமான வேலை! தன்னைத் திட்டத் தொடங்கினால் வார்த்தை வருகுதில்லை.

மாலையில் கோயிலுக்குப் போனேன். விளக்கையாவது ஏற்றுவோம் – இதைவிட மலிவான பிராயச்சித்தம் வேறு எங்கே கிடைக்கும்? குருக்கள் நெய்யை ஊற்றினார். திரியைத் தூண்டினார். என்னை நிமிர்ந்து பார்த்து, “ஆற்றை பேரிலை?” என்று கேட்டார்.

ஊர் கேட்டேன். பக்கம் கேட்டேன். கிணறுகூடக் கேட்டேன்…

பிள்ளையின் பெயரைக் கேட்கவில்லை.