இருபதுக்கு சைபர்

எனக்கு எதையும் லேசில் நம்பும் பழக்கம் கிடையாது. இருபது வருடத்துக்கு மேல் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் யார் யாரைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று கவனித்துக் கவனித்தே கண் அப்படிப் பழகிவிட்டது. பால் பாக்கெட்டைக்கூட இரண்டு தடவை தேதி பார்த்துத்தான் வாங்குவேன். ஆனால் பெற்ற பெண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்தது அவளுக்கு ஒன்பது வயதானபோதுதான்.

நாலு வயதிலேயே அவளுக்கு ராகம் தெரிந்தது. இரண்டு வரி காதில் விழுந்தால் போதும், பெயரைச் சொல்லிவிடுவாள். மயிலாப்பூரில் இப்படி ஒரு குழந்தை இருந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். தெரியாதவர்களுக்கு நான் தெரியப்படுத்திவிடுவேன். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் காபி, அடுத்தது ராகம். "ஏதாவது பாடுங்கோ மாமா, இவ கரெக்டா சொல்லிடுவா" என்பேன். வந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடுவார், இவள் சொல்லுவாள், நான் அதை போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவேன். கல்யாண வீட்டில் சாப்பிட விடாமல் நாகஸ்வரக்காரர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்பது வயதில் ஒரு நாள் தப்பாகச் சொன்னாள். எங்கள் மேல் ஃப்ளாட் மாமா ஒரு சபாவில் குழந்தைகள் கச்சேரிக்கு ஆள் எடுப்பவர். அவர் கல்யாணி பாடினார். இவள் சங்கராபரணம் என்றாள். இரண்டுக்கும் ஒரே ஒரு ஸ்வரம்தான் வித்தியாசம் என்றாலும், அதை நாலு வயதிலேயே பிரித்துச் சொன்னவள். "குழந்தைதானே, விடுங்கோ" என்று மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவில்லை.

அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் தப்பு. சளி பிடித்திருக்கிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு கீழே த்ரோபால் ஆடும் பெண்கள்மேல் சந்தேகம் வந்தது. அவர்களோடு சேர்ந்துதான் புத்தி கெடுகிறது என்று விளையாட்டை நிறுத்தினேன். அடுத்தது பாட்டு டீச்சர். தன் அக்கா பேத்தியை முன்னுக்குக் கொண்டுவர இவளை வேண்டுமென்றே குழப்புகிறாரோ என்று வகுப்பு நடக்கும்போது கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பாவம், அவர் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தார். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். கடைசியில் தி.நகரில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

ஹெட்போன் மாட்டி எல்லாம் பார்த்துவிட்டு அவர், "காது பிரமாதமா இருக்கும்மா, ஒரு குறையும் இல்லை" என்றார். நான் அவளைப் பார்த்தேன். அவள் முகம் விழுந்துவிட்டது. காது நன்றாக இருக்கிறது என்று சொன்னால் எந்தக் குழந்தைக்கு முகம் விழும்? ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை எனக்கு அதே யோசனை.

அன்று சாயங்காலமே ஒரு பரீட்சை வைத்தேன். போனிலிருந்து இருபது துண்டுகள் எடுத்தேன். சில கல்யாணி, சில சங்கராபரணம், கலந்து. ஒரு தாளைக் கொடுத்து, கல்யாணி என்றால் 'க', சங்கராபரணம் என்றால் 'ச', அவ்வளவுதான் எழுத வேண்டும் என்றேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, யோசிப்பதுபோல் பென்சிலைக் கடித்துக் கடித்து எழுதினாள். திருத்தினேன். இருபதும் தப்பு.

என் கணவர் தாளை எட்டிப் பார்த்தார். "இருபதுக்கு சைபரா? பாவம்டி குழந்தை, ஒண்ணுமே தெரியலை. விட்டுடு."

"ஒண்ணும் தெரியாதவ ஒரு பத்தாவது சரியா எழுதியிருப்பா. ரெண்டுல ஒண்ணுதானே பதில்? குருட்டாம்போக்கில போட்டாக்கூட பாதி சரியாயிடும். இருபதும் தப்பா எழுதணும்னா இருபதும் தெரிஞ்சிருக்கணும்" என்றேன். என் குரலில் இருந்த குஷி எனக்கே கேட்டது. காப்பியடிப்பவனைக் கையும் களவுமாகப் பிடித்தால் வருமே, அதே குஷி.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். கெட்டிக்காரக் குழந்தைதான், ஆனால் ஒன்பது வயது. ஒன்றிரண்டைச் சரியாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"ஏண்டி இப்படிப் பண்றே?"

தாளைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு அடையாற்றில் அவள் சிநேகிதியின் பிறந்தநாளைப் பற்றிச் சொன்னாள். ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு போட்டிருக்கிறார்கள். சிநேகிதியின் அம்மா ஒவ்வொரு பாட்டையும் நிறுத்தி இவளிடம் ராகம் கேட்க, பெரியவர்கள் எல்லாரும் இவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். கேக் வெட்ட வேண்டிய பெண் கத்தியோடு காத்திருந்து, காத்திருந்து, கடைசியில் 'இது என் பர்த்டே' என்று அழுதுவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பெண் ஸ்கூல் வேனில் இவள் பக்கத்தில் உட்காருவதில்லை.

"அந்த ஆன்ட்டிக்கு வீடியோ அனுப்பினது நீதானேம்மா. எனக்கு வேணாம்னு சொன்னா நீ விட மாட்டே. தெரியலைன்னு ஆயிட்டா யாருமே கேக்க மாட்டான்னு நெனச்சேன்."

வீடியோ அனுப்பியது நான்தான். 'கேட்டுப் பாருங்கள்' என்று கீழே எழுதியதும் நான்தான். இதைக் கேட்டதும் அவளைக் கட்டிக்கொண்டேன் என்று எழுத ஆசை. எழுதினால் பொய். 'அப்பாடா, வித்தை எங்கேயும் போகவில்லை' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மறுநாளே மேல் ஃப்ளாட் மாமாவை அழைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வந்தார், காபி குடித்தார், ஐந்து ராகம் பாடினார். அவள் ஐந்தையும் சரியாகச் சொன்னாள், வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற குரலில். மாமாவைப் பார்க்கவேயில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேஷ், இந்த டிசம்பர்லயே மேடை ஏத்திடலாம்" என்று மாமா கைதட்டினார். கைதட்டல் அடங்கியதும் அவள் கேட்டாள்.

"போறுமாம்மா?"

மாமாவிடம் கச்சேரி வேண்டாம் என்றேன். அவருக்கு என்மேல் இன்றுவரை கோபம். த்ரோபால் மறுபடி ஆரம்பித்தது. வேனில் பக்கத்து இடம் திரும்பக் கிடைக்க நாலு மாதம் ஆயிற்று.

இப்போது ஏழாவது படிக்கிறாள். எல்லாரையும் போல இருக்கிறாள். கணக்கில் எழுபது, எழுபத்திரண்டு. விடைத்தாளை வாங்கிப் பார்த்தால் எல்லாப் படியும் சரி, கடைசிப் படியில் மட்டும் தப்பு. ஒன்றிரண்டு கணக்கை முழுசாகச் சரியாகவும் போட்டிருக்கிறாள். இருபதுக்கு சைபர் வாங்கிய அன்று அவளுக்கு நான் நடத்திய பாடம் அது. கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

போன வாரம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவள் பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணி, அப்பழுக்கில்லாத கல்யாணி. கேட்டு வருடக்கணக்காகிவிட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் படி ஏறினேன். நாலாவது படியில் பாட்டு நின்றது.

"என்னம்மா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

என் காலடியை மட்டும் அவள் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.