தொட்டிலைச் சுற்றி வெள்ளைக் கோடு

இங்கிலாந்தில் நான்கு மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது என் மகளுக்கு ஒன்றேகால் வயது. எண்பதுகளின் தொடக்கம். நான் மதுரையில் விலங்கியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். போவதா வேண்டாமா என்று ஒரு மாதம் குழம்பினேன். தல்லாகுளத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த என் கணவர், "உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னார். பழங்காநத்தத்தில் எங்களோடு இருந்த அவருடைய அக்காதான், நான் மதினி என்று அழைப்பவர், முடிவு செய்தார்.

"போயிட்டு வா. நான் ரெண்டு பெத்து வளத்தவ. எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும். இருந்தும் நான் ஒரு முழுத்தாளில் பட்டியல் எழுதி பீரோ கதவில் ஒட்டினேன். பால் எத்தனை மணிக்கு, தண்ணீர் எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும், நகம் என்றைக்கு வெட்ட வேண்டும். ஒன்பதாவதாக, தொட்டிலின் நான்கு கால்களைச் சுற்றியும் எறும்புப் பொடியால் கோடு போட வேண்டும், வெள்ளிக்கிழமைதோறும் புதிதாக. அதுவரை மதினி தொட்டில் காலுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம்தான் வைத்திருந்தார். கிண்ணத்தில் கொசு முட்டையிடும் என்று பாடம் சொல்லி நான்தான் அதை எடுக்க வைத்தேன். புறப்படும்வரை வெள்ளிக்கிழமைகளில் நானே கோடு போட்டுக் காட்டினேன்.

இங்கிலாந்தில், பறவைப் பாதுகாப்புச் சட்டங்களுக்காக அரசாங்கத்துக்குக் குறிப்பு எழுதித் தரும் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. பருந்து முட்டைகளின் ஓடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளந்து அட்டவணையில் நிரப்புவேன். வயலில் தூவிய பூச்சிமருந்து புழு வழியாகச் சிறு பறவைக்கும், அதன் வழியாகப் பருந்துக்கும் போகிறது என்று அங்கே காட்டினார்கள். நன்றாகவே புரிந்துகொண்டேன். வீட்டை நினைக்கவே இல்லை.

மூன்றாவது மாதம், பண்ணைகளிலிருந்து திரும்ப வாங்கிய பழைய மருந்துகள் சில ஆய்வகத்துக்கு வந்தன. எங்கள் மேற்பார்வையாளர் கையுறை மாட்டி, முகமூடி கட்டி, கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து ஒரு டப்பாவைத் திறந்தார். எங்களை இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார். அப்படியும் லேசாக வாடை வந்தது. ஈரமும் பூஞ்சையும் கலந்தாற்போல ஒரு வாடை.

எங்கள் வீட்டு வாடை அது. வெள்ளிக்கிழமை காலையில் தொட்டில் அறையில் வரும் வாடை. டப்பாவின் மேல் எழுதியிருந்த மருந்தின் பெயரைப் படித்தேன். எங்கள் வீட்டு எறும்புப் பொடி டப்பாவிலும் அதே மூன்று ஆங்கில எழுத்துகள்தான். கையிலிருந்த அட்டவணையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். என் மகள் அந்தத் தரையில்தான் உட்கார்ந்து விளையாடுகிறாள், அந்தக் கையைத்தான் வாயில் வைக்கிறாள். இன்றைக்கு என்ன கிழமை என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன். வியாழன் என்றார்.

கடிதம் போய்ச் சேரப் பத்து நாளாகும். கணவரின் அலுவலகத்துக்கு டிரங்க் கால் பதிவு செய்து, மறுநாள் அதிகாலையில்தான் லைன் கிடைத்தது; ஊரில் அப்போது அலுவலகம் திறந்திருந்தது.

"என்ன ஆச்சு? உடம்புக்கு ஏதுமா?" என்று அவர் கத்தினார்.

"எறும்புப் பொடி போட வேண்டாம். பிள்ளைக்கு ஆகாது. தரையை நல்லாக் கழுவச் சொல்லுங்க. டாக்டர்கிட்டக் காட்டுங்க."

"எறும்புப் பொடிக்கா லண்டன்ல இருந்து போன் பண்ற?"

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க."

அப்புறம் இரைச்சல்தான் கேட்டது. பத்து நாள் கழித்து அவருடைய கடிதம் வந்தது. அன்று மதியமே வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டாராம். தரையைக் கழுவியாகிவிட்டது, டாக்டர் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்றார், பிள்ளை நன்றாக இருக்கிறாள். 'ஒன்றும் தெரியவில்லை' என்ற இரண்டு வார்த்தைகளை அங்கிருந்த மீதி நாளெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

ஊர் திரும்பிய அன்று மகள் என்னைப் பார்த்து அழுதுகொண்டே மதினியின் தோளில் முகம் புதைத்தாள். தொட்டில் காலுக்கு அடியில் கிண்ணங்கள் திரும்ப வந்திருந்தன.

"நீ எழுதுனதத்தான் செஞ்சேன் தாயி. ஒரு வெள்ளிக்கிழமை விட்டிருப்பனா?" என்றார் மதினி. குத்தலா ஆறுதலா, தெரியவில்லை.

"மிச்சப் பொடி எங்கே மதினி?"

"அம்புட்டு இருந்துச்சு, குப்பையிலயா கொட்ட முடியும்? நம்ம புள்ளைக்குத்தான ஆகாதுன்னு தம்பி சொன்னான். பக்கத்து வீட்டுப் புள்ளைக்குக் குடுத்துட்டேன். அதுகிட்டயும் கைக்குழந்தை இருக்குல்ல."

செருப்புப் போடாமல் ஓடினேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால், கயிற்றுக் கட்டிலில் ஆறு மாதக் குழந்தை. கட்டில் கால்களைச் சுற்றி நான்கு வெள்ளை வட்டங்கள், ஒரு சிதறல் இல்லாமல். சுவரில் அவள் கையெழுத்தில் என் பட்டியல்.

"வாங்கக்கா. எப்ப வந்தீக? உங்க லிஸ்ட அப்படியே எழுதி வச்சுக்கிட்டேன். எதிர்வீட்டு அக்காவும் பாத்து எழுதிட்டுப் போனாக. படிச்சவுக எழுதுனதுல்ல."

"இது விஷம்மா" என்றேன். அவள் சிரிப்பு நிற்கச் சிறிது நேரம் ஆனது.

குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன். வாளியில் தண்ணீர் கேட்டு வாங்கி, மண்டியிட்டு, முதல் வட்டத்தை ஈரத்துணியால் அழித்தேன். அந்த வாடை எழுந்தது. கையுறை இல்லை என்பது மூன்றாவது வட்டத்தில்தான் நினைவுக்கு வந்தது. நான்காவதையும் துடைத்துவிட்டு, எதிர்வீட்டுக்குப் போக எழுந்தேன்.