அக்காவுக்குச் செலவில்லை

எங்கள் வீட்டில் பணம் செலவாகாது, கர்ச்சுதான் ஆகும். ஆந்திராவில் நகரிப் பக்கத்துத் தமிழர்கள் நாங்கள் அப்படித்தான். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, சண்டை என்று வந்துவிட்டால் இரண்டும். தெலுங்கில் படித்தால்தான் கவர்மெண்டு உத்தியோகம் என்று அப்பா, எங்கள் பேச்சில் நைனா, என்னையும் அக்காவையும் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். ஆகவே செலவு என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில்தான் முதலில் கேட்டேன். தெலுங்கில் செலவு என்றால் லீவு. “ரேப்பு செலவு” என்று வாத்தியார் சொல்லி வாய் மூடுவதற்குள், நாளைக்குப் பள்ளி இல்லை என்று பையைத் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவோம். இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சொல்லைவிட இனிப்பான சொல் வேறு இருக்கவில்லை.

அந்தக் கோடைச் செலவில் அக்காவுக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். காத்திருந்தாள் என்று பெயர்தானே தவிர, ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்கமாட்டாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாந்தோப்பில் மரம் ஏறுவாள், மேல்கிளையிலிருந்து பொத்தென்று குதிப்பாள், காவல்காரன் தெலுங்கில் திட்டிக்கொண்டு வந்தால் அவனைவிடச் சுத்தமான தெலுங்கில் திருப்பித் திட்டுவாள். அந்த வீரத்துக்கு நான்தான் ஒரே சாட்சி. உப்பும் மிளகாய்ப்பொடியும் மடித்து வைத்துக்கொண்டு கீழே நிற்பது என் உத்தியோகம். ஜூன் வந்ததும் அவளை இன்டரில், அதாவது பதினொன்றாம் வகுப்பில், சேர்ப்பதாக நைனா சொல்லியிருந்தார். அதற்கப்புறம் டீச்சர் ஆகப்போவதாக அவள் மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எனக்குப் பாடம் நடத்துவாள்.

நைனா பவர்லூமில் கூலிக்குத் தறி ஓட்டினார். அந்த வருடம் நூல் விலை எங்கேயோ ஏறி உட்கார்ந்துகொண்டது. வாரத்தில் பாதி நாள் தறி நின்றது. இரைச்சலுக்குப் பழகிய தெரு அமைதியானதும் பெரியவர்களின் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது என்று எனக்கு விளங்கவில்லை. தறிக்கும் செலவு விட்டுவிட்டார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அப்போதுதான் மெட்ராஸிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். திருத்தணிக்காரர்கள் அவர்கள், அம்மா வாக்கப்பட்டு வந்த பிறகு கர்ச்சுக்குப் பழகிவிட்டாள், மாமாவுக்குத் தெலுங்கு ஒரு சொல்லும் ஒட்டவில்லை. வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனி ஒன்றில் அவர் சூப்பர்வைசர். பொம்பளைப் பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் எடுக்கிறார்கள் என்றார்.

“பெரியவள அனுப்பு மச்சான். அவளுக்கு இன்னா செலவு? சோறு அவன் போட்றான், தங்க எடம் அவன் குட்க்கிறான். இனிமே அவளுக்குச் செலவே கெடையாது.”

“வருசம் பூரா செலவே இல்லியா?” என்றார் நைனா. பல நாள் கழித்து அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

“இல்லவே இல்லன்றேன்!”

“வயசு பத்தாதே ண்ணா” என்றாள் அம்மா.

“பதினெட்டுன்னு சொல்லிக்கலாம், யார் கேக்கப் போறான்?” என்றார் மாமா. நாள் நட்சத்திரம் பார்க்காமல் அக்கா ஒரே மூச்சில் இரண்டு வயது மூத்துவிட்டாள்.

வருடம் முழுக்க ஒரு செலவுகூட இல்லாத இடம்! ஞாயிற்றுக்கிழமை இல்லை, சங்கராந்தி இல்லை, கங்கம்மா ஜாத்திரைக்குக்கூட இல்லை. அதைக் கேட்டு நைனா ஏன் சந்தோஷப்படுகிறார்? தோப்புக்கு ஓடினேன். அக்கா மேல்கிளையில் உட்கார்ந்து மாங்காய் கடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உனக்கு இனிமே செலவே இல்லியாம்! மாமா உன்ன மெட்ராஸ் கம்பெனிக்கு இட்டுகினு போறாராம். நைனா சரின்ட்டாரு!”

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். அவளுக்கு இரண்டு மொழியும் நன்றாகத் தெரியும். நான் எங்கே தடுக்கி விழுந்திருக்கிறேன் என்பது அந்தக் கணமே அவளுக்குத் தெரிந்திருக்கும். என்னைத் திருத்துவாள், தலையில் குட்டுவாள் என்று பார்த்தேன்.

“மாமா சரியாத்தான் சொல்லிக்கிறாரு” என்றாள்.

பிறகு ஒவ்வொரு கிளையாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தாள். அவள் குதிக்காமல் இறங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து நைனா எதிரில் நின்றாள். “இன்டர் சேத்து வுடறன்னு சொன்னியே நைனா?” என்று கேட்டாள். நைனா அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். “ஒரு வருசம் போய்க்கினு வாம்மா. அப்பறமா சேந்துக்கலாம்” என்றார். அந்த அப்பறம் வரவே இல்லை. அக்கா அழுவாள், கத்துவாள், தோப்புக் காவல்காரனைத் திட்டியதுபோல ஒரு நாலு வார்த்தையாவது திட்டுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் உள்ளே போய் அம்மாவிடமிருந்து முறத்தை வாங்கி அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டாள். நைனாவின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் நின்றுபோன தறி முன்னால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிற்பு நினைவுக்கு வந்தால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரிவதில்லை.

வீட்டில் ஒருவரும் உதவாததால் நானே களத்தில் இறங்கினேன். மாமா சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவர் தோளைப் பிடித்துத் தொங்கினேன்.

“மாமா, அக்காவுக்குக் கொஞ்சமாச்சும் செலவு குடு மாமா.”

மாமா அசந்துபோய், “பார்றா, அக்காமேல இன்னா பாசம்!” என்று சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்து என் கையில் வைத்தார். நான் கேட்டதென்ன, இவர் கொடுப்பதென்ன என்று விழித்தேன்.

“இது இல்ல. செலவு!”

“பத்தாதாம்மே!” என்று இன்னொரு தாள் கொடுத்தார். “காசு வேணாம், செலவுதான் வேணும்” என்று நான் காலை உதைத்துக்கொண்டு அழுதேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “பொழச்சிக்குவா ஒம் பொண்ணு” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவும் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

புறப்படும் காலையில் அம்மா தன் புடவை ஒன்றை அக்காவுக்குக் கட்டிவிட்டாள், பதினெட்டு தெரிய வேண்டுமே. நகரி ஸ்டேஷனில் எனக்கு முன்னால் நடந்தது யாரோ ஒரு பெரிய மனுஷியின் முதுகு. ரயிலேறி அவள் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் இரண்டு தாளையும் நீட்டினேன். “மாமா செலவு குடுக்கலக்கா. இதத்தான் குடுத்தாரு” என்றேன். அவள் வாங்கிப் பார்த்தாள், சிரித்தாள், மறுபடி என் கையிலேயே வைத்து மூடினாள். ரயில் அசைந்தது. அக்கா இரண்டு கையையும் குவித்து, பள்ளிக்கூட மேடையில் பேசுகிறவளைப் போல, “இக செலவு, குட்டி” என்றாள்.

அதன் பிறகு அவள் வருடத்துக்கு ஒருமுறை வந்தாள். நான் தோப்புக்குக் கூப்பிட்டால், “வேல கெடக்குது, நீ போடி” என்பாள். பரீட்சையில் அவள் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். ரிசல்ட் வந்த அன்று அவள் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் சம்பளத்தில் நான் இன்டர் படித்தேன், டிகிரி படித்தேன், அவள் ஆகவிருந்த டீச்சராகவும் ஆனேன்.

செலவுக்கு இன்னும் ஓர் அர்த்தம் உண்டென்பது ஆறாம் வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்ற நாளில் மேடையில் பேசிவிட்டு, கடைசியில் கை குவித்து “இக செலவு” என்றார். டீச்சர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லீவுக்கு எதற்கு அழுகிறார்கள் என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டேன். “இனி விடைபெறுகிறேன் என்று அர்த்தம், மக்கு” என்றாள். நான் வீடு வரும் வரை அழுதுகொண்டே வந்தேன்.

ஆனால் அன்றைக்கு நகரி ஸ்டேஷனில் எனக்கு ஏழு வயது. “இக செலவு” என்றால் இனிமேல் லீவுதான் என்று நினைத்தேன். மாமா எப்படியோ மனமிரங்கிவிட்டார் என்று குதித்துக்கொண்டு, பிளாட்பாரம் முடிகிற வரை ரயிலோடு ஓடிக் கையாட்டினேன். திரும்பி வந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பாவம், அம்மாவுக்குத் தெலுங்கு சரியாகத் தெரியாது. “அழுவாதம்மா, அக்காவுக்குச் செலவு கெடச்சிட்ச்சி” என்று அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டேன்.