திம்புக்டுவில் திரும்பும் வேன்

பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்கு நான் சேர்ந்த முதல் நாள், படி உயரமாக இருந்ததால் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் படிக்குக் கீழே புதிதாக ஒரு மரப்பலகை இருந்தது.

"யாருக்குண்ணா இது?" என்று ஓட்டுநரைக் கேட்டேன்.

"சின்னப் பசங்களுக்கு" என்றவர் கண்ணாடி துடைக்கப் போய்விட்டார். சின்னப் பசங்களை நான் தூக்கித்தான் ஏற்றுவேன் என்பது அவருக்குத் தெரியும்.

மெதுவாக ஓட்டுவதால் மற்ற ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் ஆமை. பிள்ளைகளுக்கு ஆமை மாமா. "ஆமை எங்கயாவது போய் மோதிப் பாத்திருக்கியா?" என்பார், அவ்வளவுதான். பிள்ளைகள் இறங்கிய பிறகு மற்றவர்கள் நிழலில் சீட்டாடுவார்கள். இவர் தம் மகனின் பழைய நிலப்படப் புத்தகத்தை ஸ்டியரிங் மேல் விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் ஒரு குட்டிப்பெண் சேர்ந்தாள். வீடு பள்ளிக்குப் பின்தெருவில்தான். வாசலில் நின்றால் பள்ளியின் மணிக்கூண்டு தெரியும். ஆனால் அது ஒருவழிப் பாதை. அவளை முதலில் ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கு முதுகைக் காட்டி, ஊரைச் சுற்றி மற்றவர்களையும் ஏற்றித்தான் திரும்ப வேண்டும். மணிக்கூண்டு மறைந்ததுமே வீறிட்டு அழுவாள். "ஸ்கூல் அங்க இருக்கு! எங்கயோ கூட்டிட்டுப் போறீங்க!"

அவள் அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை. பள்ளி திறப்பதற்கு முன்பே அங்கே கேட்டை மூடிவிடுவார்கள். வேனை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை. "இன்னும் ரெண்டு நாள் பாக்கறேங்கா. அப்பவும் அழுதா நிறுத்திட்டு ஊர்ல எங்க அம்மாகிட்ட விட்டுடறேன். என்ன பண்றது சொல்லுங்க" என்றாள் என்னிடம். ஓட்டுநர் காதிலும் அது விழுந்தது.

அடுத்த நாள் நல்ல குளிர். கண்ணாடியெல்லாம் பனி படிந்திருந்தது. குட்டிப்பெண் ஏறியதும் அவர் வண்டியை எடுக்காமல் பின்னால் வந்தார். சன்னல் கண்ணாடியில் விரலால் அலை அலையாகக் கடலை வரைந்தார். பக்கத்தில் ஒரு மலை. அதிலிருந்து மேலே ஏறி, வளைந்து, கீழே இறங்கும் ஒரு கோடு.

"ஆப்பிரிக்காவுல இப்படி ஒரு ஆறு இருக்கு. பேரு நைஜர். கடலுக்குக் கிட்டதான் பொறக்குது. ஆனா கடலுக்கு முதுகக் காட்டிட்டுப் பாலைவனத்துப் பக்கம் போகும்."

அழுகை விக்கலாகக் குறைந்தது. "அதுக்கு வழி தெரியாதா?"

"நல்லாத் தெரியும். சரிவு அந்தப் பக்கம்தானே இருக்கு?"

"அதுக்கும் ஒன்வேயாண்ணா?" என்றேன் நான்.

"ஆமா தங்கச்சி. என்ன, போலீஸ் இல்ல." கோட்டின் வளைவில் ஒரு புள்ளி வைத்தார். "இது திம்புக்டு. மணல் ஊரு. இதத் தாண்டித்தான் ஆறு திரும்பும். வர்ற வழியில பெனுவேன்னு இன்னொரு ஆறு சேந்துக்கும். கடைசியில கை கையாப் பிரிஞ்சு கடல்ல கலந்துடும்."

"நான் எங்க இருக்கேன்?"

"நீதான் மலை. நீ ஏறலைன்னா ஆறே கிடையாது."

அன்று அவள் அழவில்லை. ஊருக்கு அனுப்பும் பேச்சும் அத்தோடு நின்றது. வேன் வளைந்து திரும்பும் மணல் மைதானம் திம்புக்டு ஆயிற்று. சந்திலிருந்து பிள்ளைகள் கும்பலாக வந்து ஏறும் இடம் பெனுவே. பள்ளி வாசல் கடல். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது மனப்பாடம்.

சில மாதங்களில் அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. விடுப்பு எடுத்தபோது பதிலுக்கு ஒரு இளைஞன் வந்தான். நான் பின்சீட்டில் ஒருவன் எடுத்த வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த இளைஞன் மைதானத்துப் பக்கம் திரும்பாமல் நேராக விட்டுவிட்டான். நேராகப் போனால் பள்ளி சீக்கிரம் வந்துவிடும்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் குட்டிப்பெண். "திம்புக்டுவ விட்டுட்டீங்க!"

"அது எந்த ஊரு அக்கா?" என்று என்னைப் பார்த்து விழித்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனோம். மைதானத்து ஓரத்தில் ஒரு சிறுவன் பையைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றான். நான் கடவுளை நினைத்துக்கொண்டு அவனைத் தூக்கி ஏற்றினேன்.

அறுவைக்குப் பிறகும் பார்வை சரியாகாததால், அவர் இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாவியைக் கொடுக்க அவர் வந்தபோது நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை. வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மரப்பலகையைக் காலால் தட்டி ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு வாசலில் நின்று சொன்னார்:

"புதுப் பையன்கிட்ட சொல்லிடு தங்கச்சி. திம்புக்டுல மெதுவாத் திரும்பணும். மணல்ல டயர் வழுக்கும்."